நெடுந்தீவில் ஒரு பகல்

"தாலி இழந்த நாங்கள் சுற்றுலா போனால் ஊர் என்ன சொல்லும்?" எங்கள் மகளிர் குழுவில் ஓர் அக்கா கேட்டார். இருந்தும் பதினொரு பேர் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான். அங்கிருந்து சுமார் ஒரு மணித்தியாலம் படகில் நெடுந்தீவு.

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களும் இந்தக் கடலில் பயணம் செய்தவர்களே. சற்று நேரம் அவர்களை நினைத்து மௌனமாக இருந்தோம்.

கரையில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளின் ஓரமாகவே ஓடினோம். ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, சிதைந்த கோட்டை, உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்குமரம் ஆகியவற்றைப் பார்த்தோம். வெட்டவெளியில் குதிரைகள் கூட்டமாக மேய்ந்தன. அந்நியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை அவை.

தயங்கிய அக்கா, கணவர் இறந்தபின் முதன்முறையாக அன்றுதான் சைக்கிள் மிதித்தார். "கால் மறக்கவில்லை" என்று சிரித்தார்.

சகோதரிகளே, ஒரு நாள் மகிழ்ந்திருப்பது இறந்தவர்களை மறப்பதாகாது. நீங்களும் கூட்டாகப் போய் வாருங்கள். வெயில் கடுமை, குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். குதிரைகளைத் தூரத்தில் நின்று பாருங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள்.