மூன்றாம் இடத்தில் யார்?

தோல்வி எனக்குப் புதிதன்று. டெண்டுல்கர் ஆட்டமிழந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போன தொண்ணூறுகளின் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனவே 2025 நவம்பரில் இந்திய அணி சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் இரண்டு டெஸ்டுகளையும் இழந்ததை, தோல்வி என்ற அளவில் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாதது வேறொன்று.

கொல்கத்தாவில் வெற்றிக்குத் தேவை 124 ஓட்டங்கள். எடுத்தது 93. நாங்கள் கேட்ட ஆடுகளம்தான் இது என்று பயிற்சியாளர் கவுதம் கம்பீரே பின்னர் சொன்னார். நான்கு சுழற்பந்து வீச்சாளர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான வாஷிங்டன் சுந்தருக்கு முதல் இன்னிங்ஸில் கிடைத்தது ஒரே ஓவர். ஆனால் மட்டைபிடிக்க அவரை மூன்றாம் இடத்தில் இறக்கினார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் அணியின் அதிகபட்சமான 31ஐ எடுத்தவரும் அவரே. அடுத்த டெஸ்டில், குவாஹாட்டியில், எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அங்கே தோல்வி 408 ஓட்டங்களில். ஓட்டக் கணக்கில் இந்தியா கண்ட மிகப்பெரிய டெஸ்ட் தோல்வி அது.

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்து உப்பளங்களில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாதபடி நீர் நின்றுவிடும். மறுபடி பாத்தி கட்டும்வரை வேலையில்லை. அதனால் நவம்பர் மாத டெஸ்டுகளுக்குக் கூனிமேட்டுத் தேநீர்க் கடையில் கூட்டம் உண்டு. உப்பு வாருகிற ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், அந்தப் பையனை எதுக்குத்தான் வச்சிருக்காங்க? பேட்டிங்குக்கா, பவுலிங்குக்கா?" வாத்தியாருக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் மான்செஸ்டரில் ஐந்தாம் இடத்தில் இறங்கி, ஆட்டமிழக்காமல் 101 எடுத்து, ஜடேஜாவோடு சேர்ந்து டெஸ்டைக் காப்பாற்றியவர் வாஷிங்டன். இன்னொரு தமிழ்நாட்டு இளைஞரான சாய் சுதர்சனின் கதை இதைவிட விசித்திரமானது. ஜூன் மாதம் லீட்ஸில் அறிமுகம். அடுத்த இரண்டு டெஸ்டுகளில் இடமில்லை. மான்செஸ்டரில் திரும்ப அழைத்தார்கள், 61 எடுத்தார். அக்டோபரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 87 எடுத்தார். அதற்கடுத்த டெஸ்ட் கொல்கத்தா. அங்கே அவர் அணியில் இல்லை. குவாஹாட்டியில் மீண்டும் மூன்றாம் இடம். இரண்டாம் இன்னிங்ஸில் 139 பந்துகள் நின்று 14 ஓட்டங்கள் எடுத்தார். தடுப்பாட்டம் என்று அதைப் புகழலாம். அடுத்த டெஸ்டில் நமக்கு இடம் உண்டா என்று அறியாத ஒருவனின் ஆட்டமாகவே எனக்குப் பட்டது.

வள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அதை அடுத்துத் தெரிந்து வினையாடலுக்குத் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். ஆளைத் தேர்வது ஒன்று, தேர்ந்தவனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு நம்பி இருப்பது மற்றொன்று. நம் அணி நிர்வாகம் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டது போலும். (ஓராண்டு தொல்காப்பியம், மறு ஆண்டு இதழியல், அதற்கடுத்த ஆண்டு மறுபடி இலக்கணம் என்று பாடம் மாற்றிக் கொடுக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு இந்த வலி புரியும்.)

2025 மார்ச்சில் இதே பயிற்சியாளரின் கீழ்தான் சாம்பியன்ஸ் கோப்பை வந்தது என்பார்கள். உண்மை. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் எல்லாரும் எல்லாமும் செய்யலாம். ஐந்து நாள் ஆட்டத்துக்கு அது போதாது. 2024இல் நியூசிலாந்து இங்கே வந்து மூன்று டெஸ்டுகளையும் வென்று போனபோதே அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தொடருக்குப் பிறகு ஆஸ்திரேலியா சென்ற அணி, முதல் மூன்று டெஸ்டுகளில் மூன்று வெவ்வேறு சுழற்பந்து வீச்சாளர்களை ஆடவைத்தது. அடிலெய்டில் மட்டும் அஸ்வின். 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள் எடுத்தவர், 2024 டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு ஓய்வை அறிவித்துவிட்டுச் சென்னை திரும்பினார். தொடரில் இன்னும் இரண்டு டெஸ்டுகள் இருந்தன. பெர்த்தில் நடந்த முதல் டெஸ்டில் அஸ்வினை வெளியே உட்காரவைத்துவிட்டு ஆடவைக்கப்பட்டவர் வாஷிங்டன் சுந்தர். அப்போது அவருக்கு வயது 25.