சந்தக்பூ மலைக்கு மூட்டை கட்டுதல்

கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்களுக்கு இமயமலை ஓர் இரவுப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது. சியால்டாவில் இரவு டார்ஜிலிங் மெயிலில் ஏறிப் படுத்தால், காலையில் நியூ ஜல்பைகுரியில் கண் விழிக்கலாம். அங்கிருந்து 1881இல் அமைந்த சின்னஞ்சிறு ரயில்பாதை, 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தைக் கடந்து டார்ஜிலிங்கை அடைகிறது. டைகர் குன்றில் சூரியோதயம் கண்டு, தேயிலைப் பொட்டலம் வாங்கிக் கொண்டு திரும்புவதே நம்மில் பலருடைய வழக்கம். ஆனால் அண்மைக் காலத்தில் நம் இளைஞர்கள் இன்னும் சற்று அப்பால் சென்று, மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமாகிய சந்தக்பூ வரை நடந்தே போக விரும்புகின்றனர். அவர்களுடன் பெற்றோரும் புறப்பட ஆயத்தமாகின்றனர். இது பாராட்டத் தக்க விருப்பமே. ஆயினும், எதை உடுத்துவது, எதைச் சுமப்பது என்பதில் அவர்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த நாம் குளிரைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்கள் பல, மலையில் பொருந்துவதில்லை. அதனாலேயே இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம். டார்ஜிலிங்கிலிருந்து ஜீப்பில் மானேபஞ்சன் என்னும் சிற்றூரை அடைய வேண்டும். நேபாள எல்லையை ஒட்டிய அவ்வூரில்தான் நடை தொடங்குகிறது. சந்தக்பூ அங்கிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர் தொலைவு. ஊர்திகள் செல்லும் பாதையும் உண்டு. நடப்போர் சித்ரே, மேக்மா, தும்லிங், கைரிபாஸ், காளிபோக்ரி என்னும் ஊர்களில் தங்கித் தங்கி மூன்றாம் நாளில் உச்சியை எட்டுவர். பாதை சிங்கலீலா தேசியப் பூங்காவின் வழியே, சில இடங்களில் இந்தியாவிலும் சில இடங்களில் நேபாளத்திலுமாக வளைந்து செல்கிறது. மழைக்காலத்தில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பூங்கா மூடப்பட்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் மலர்கள் சரிவெங்கும் செக்கச் சிவந்து பூத்திருக்கும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிந்து, எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோத்சே, மக்காலு ஆகிய நான்கு பெருஞ்சிகரங்களும் ஒருசேரக் காட்சி தரும்.

சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி, கொல்கத்தாவில் முப்பது டிகிரி வெயில் அடிக்கும் நண்பகலில் சந்தக்பூவில் ஆறு அல்லது ஏழு டிகிரிதான் இருக்கும். இரவு வந்தால் நீர் உறையும் நிலை. இந்தக் கணக்கைக் கேட்டவுடன் நம் தாய்மார்கள் செய்யும் முதற்காரியம், கடையிலேயே மிகத் தடித்த கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கிப் பிள்ளைக்கு மாட்டுவதுதான். அன்பின் மிகுதியால் நிகழ்வது இது. ஆனால் மலையில் நடப்பவனுக்கு முதற்பகைவன் குளிர் அன்று, ஈரம். இரண்டாம் பகைவன் காற்று. இவ்விரண்டும் கூடும்போதுதான் குளிர் கொல்லும் வல்லமை பெறுகிறது.

காரணம் எளியது. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். உடல் மீது ஈரத்துணி ஒட்டிக் கொண்டிருக்குமானால், நம் உடற்சூடு ஓட்டைக் குடத்து நீர்போல் ஒழுகிக் கொண்டேயிருக்கும். மழையில் நனைந்தால்தான் ஈரம் என்று நினைக்க வேண்டாம். செங்குத்தான ஏற்றத்தில் தடித்த கோட்டுடன் அரைமணி நேரம் நடந்தால் உட்சட்டை வியர்வையால் தெப்பமாகிவிடும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக் கொண்டு எளிதில் விடாது. நம் ஊர் வெயிலில் பருத்தியை நாம் போற்றுவதற்குக் காரணமான அதே குணம், மலையில் நமக்குக் கேடாய் முடிகிறது. இளைஞர்கள் விரும்பி அணியும் ஜீன்ஸ் கால்சட்டையும் தடித்த பருத்தியே. அது நனைந்தால் கனக்கும். ஒரு பகல் முழுவதும் காயாது. புடவையும் ஈரத்தில் கனத்துக் காலைத் தடுக்கும். ஆதலால் பெண்மணிகள் பாலியெஸ்டர்த் துணியில் தைத்த சல்வாரோ கால்சட்டையோ அணிவது நலம்.

அப்படியானால் எதை அணிவது? ஒரு தடித்த ஆடைக்குப் பதிலாக மூன்று மெல்லிய ஆடைகள் என்பதே விடை. உடலை ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி உட்சட்டை ஒன்று. அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஸ்வெட்டரோ ஃப்ளீஸ் சட்டையோ ஒன்று. அதற்கும் மேல், காற்றும் மழையும் புகாத இலேசான ஜாக்கெட் ஒன்று. ஏறும்போது நடுச்சட்டையைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். நிற்கும்போது உடனே அணிய வேண்டும். குளிர் தெரிந்த பின் அணிவதைவிட, தெரியுமுன் அணிவதே அறிவுடைமை. கம்பளிக்கு ஒரு சிறப்பு உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சினாலும் அது உடலுக்குச் சில்லிப்பைக் காட்டாது. வாத்து இறகு நிரப்பிய ஜாக்கெட் தங்குமிடத்தில் அணிய மிக நன்று; ஆனால் நனைந்துவிட்டால் இறகுகள் ஒட்டிக் கொண்டு பயனற்றுப் போகும். அதை அணிந்து மழையில் நடத்தல் கூடாது.

அடுக்கி உடுத்தும் இம்முறை புதியதன்று. டார்ஜிலிங்கில் மிருகக்காட்சிசாலையை ஒட்டி, 1954இல் நிறுவப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. டென்சிங் நார்கே களப்பயிற்சியை நடத்திய இடம் அது. அங்குள்ள காட்சிச்சாலையில் பழங்கால மலையேறிகளின் கருவிகளைக் காணலாம். நடைக்கு முன்னர் அதை ஒரு முறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லரியின் குழுவும் டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டதுதான். அவருடைய உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டது. அவர் அணிந்திருந்த ஆடைகளின் எச்சங்களை ஆராய்ந்து, அவற்றைப் போலவே நெய்து, 2006இல் எவரெஸ்டுச் சரிவில் அணிந்து பார்த்தார்கள். பட்டு, கம்பளி முதலிய மெல்லிய துணிகளை அடுக்கடுக்காக அணிந்து, மேலே இறுக நெய்த கபர்தீன் சட்டையைப் போட்டிருந்தார் அவர். அவ்வுடை இலேசாகவும் கதகதப்பாகவும் இருந்ததை அச்சோதனை காட்டிற்று. இன்று கடையில் துணியின் பெயர்கள் மாறியிருக்கின்றன; முறை மாறவில்லை.

இம்முறையைப் பொருட்படுத்தாவிடில் என்ன நேரும் என்பதை 2023 ஏப்ரலில் கண்ணால் கண்டேன். எங்கள் குழுவில் பதினேழு வயது மாணவன் ஒருவன் இருந்தான். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் அணிந்து, மேலே தடித்த கோட்டு ஒன்றைப் போட்டிருந்தான். கைரிபாஸிலிருந்து கயாகட்டாவுக்கு ஏறும் செங்குத்தான பாதையில் வியர்த்துக் கொட்டவே, கோட்டைக் கழற்றிச் சுமைகாரரிடம் கொடுத்துவிட்டு முன்னே ஓடினான். மேட்டை எட்டிய வேளையில் மேகம் சூழ்ந்து மழை பிடித்துக் கொண்டது. சுமைகாரர் பின்தங்கியிருந்தார். நாங்கள் சென்று சேர்ந்தபோது பையனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. முதலில் நடுங்கிக் கொண்டிருந்தவன், பிறகு நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, "எனக்கு ஒன்றும் இல்லை மாமா, தூக்கம்தான் வருகிறது" என்றான். நடுக்கம் நின்றதைக் கண்டு அவன் தாயார் ஆறுதல் அடைந்தார். எங்கள் வழிகாட்டியின் முகமோ மாறிவிட்டது. நடுங்குவதற்கும் வலுவற்றுப் போன உடலின் அறிகுறி அது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அருகிலிருந்த தேநீர்க் குடிசைக்குள் அவனைத் தூக்கிச் சென்று, ஈரத்துணி அனைத்தையும் களைந்து, உலர்ந்த கம்பளி உடுத்தி, இரண்டு போர்வைகளால் சுற்றினார் வழிகாட்டி. அவன் தெளிவாக விழுங்குகிறான் என்று கண்ட பின்னரே சர்க்கரை மிகுந்த சூடான தேநீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். குழுவில் ஒருவர் கைகால்களைத் தேய்க்கப் போனார்; மற்றொருவர் பிராந்தி கொடுக்கலாம் என்றார். இரண்டையும் அவர் தடுத்துவிட்டார். மது தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும். சூடு ஏறியதுபோல் தோன்றுவது மயக்கமே. ஒருமணி நேரத்தில் மீண்டும் நடுக்கம் வந்தது. பின்னர் பையன் தெளிந்தான். மறுநாள் அவன் நடக்கவில்லை. தாயாருடன் ஜீப்பில் இறங்கிச் சென்றான். அவனைக் காத்தவை, வழிகாட்டியின் அறிவும், ஒருவர் பையில் நனையாமல் இருந்த ஒரு ஜோடி கம்பளி உடையுமே. ஆகவே, எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் ஒரு முழு மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பகலில் அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, கால்கள். காலணியை மாலை நேரத்தில், தடித்த கம்பளிக் காலுறை அணிந்து பார்த்து வாங்க வேண்டும். பகல் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும்; மலையிலும் அப்படியே. குதிகால் நழுவக் கூடாது. விரல்களுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். சந்தக்பூவிலிருந்து ஸ்ரீகோலாவுக்கு இறங்கும் காட்டுவழி ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம். காலணியில் இடமில்லாவிடில் ஒவ்வோர் அடியிலும் விரல்கள் முட்டி நகங்கள் கறுத்துவிடும். புறப்படுமுன் நகங்களை வெட்டிவிடுக. கொப்புளம் எழுந்த பின் மருந்து தேடுவதைவிட, தோல் சிவக்கத் தொடங்கும்போதே பிளாஸ்திரி ஒட்டுவது மேல்.

இனிச் சுமை. ரயிலில் படுக்கை வகுப்புப் பயணிக்கு நாற்பது கிலோ வரை கட்டணமின்றி அனுமதிக்கிறோம். மலையில் ஒரு கிலோவுக்குக்கூட அந்தச் சலுகை கிடையாது. கட்டணத்தை முழங்கால்கள் வசூலித்துவிடும். திடமான இளைஞர் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், வயதானோர் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுமவாதிருத்தல் நன்று. இடுப்புப் பட்டையுள்ள முதுகுப்பையே தகுந்தது. பாரம் தோளைவிட இடுப்பில்தான் தங்க வேண்டும். கனமான பொருள்களை முதுகை ஒட்டி வையுங்கள். பைக்கு மேலுறை இருந்தாலும் உள்ளேயும் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை போடுங்கள். நம் ஊர் ஈரிழைத் துண்டு ஒன்று இருக்கட்டும். இலேசானது, விரைவில் உலரும். வங்காள நண்பர்கள் 'மங்கி டுப்பி' என்று அன்போடு அழைக்கும் குரங்குக் குல்லாயை எள்ளி நகையாட வேண்டாம். காது, கழுத்து, கன்னம் மூன்றையும் மூடும் அதைவிடச் சிறந்த தலையணி இரவுக்கு இல்லை. உயரத்தில் வெயிலின் புற ஊதாக்கதிர்கள் கூர்மையாவதால் கறுப்புக் கண்ணாடியும் தேவை.

சுமைகாரரை அமர்த்துவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அப்பகுதி மக்கள் 'டோக்கோ' என்னும் மூங்கிற்கூடையை 'நாம்லோ' என்னும் நெற்றிப்பட்டையில் மாட்டிச் சுமப்பர். அவர்களும் குளிர் அறிவர்; மழையில் நனைவர். நமக்கு ஜாக்கெட் தேடும்போது அவர்களுக்கு மழையங்கி உண்டா என்று கேட்பது நம் கடமை. மாற்றுடை, மழையங்கி, குடிநீர் மூன்றையும் எக்காரணம் கொண்டும் அவர்கள் கூடையில் போடாதீர்கள். அவை உங்கள் முதுகிலேயே இருக்க வேண்டும்.

வழியில் விடுதிகள் உண்டு. கூடாரம் அடிப்போரும் உளர். கூடாரத்தில் உறங்குவோர்க்கு மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். உடற்பாரத்தால் நசுங்கிய உறக்கப் பை தரையின் குளிரைத் தடுக்காது. ஆதலால் நுரைப்பாய் ஒன்று வேண்டும். கடையில் ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் அச்சிட்ட எண்களைக் கவனியுங்கள். வசதியாக உறங்கத்தக்க வெப்பநிலை ஒன்று. உயிர் தப்பும் அளவுக்கு மட்டும் உதவும் வெப்பநிலை வேறொன்று. முதல் எண்ணையே நம்புங்கள். குளிருக்கு அஞ்சி, அடைத்த கூடாரத்திலோ அறையிலோ கரியடுப்பு மூட்டுவது பேராபத்து. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

எந்த உடையும் காக்காத ஓர் இடர் உண்டு. உயரத்தில் காற்று இலேசாவதால் தலைவலி, வாந்தி, மயக்கம் வரலாம். அவை மிகுந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்குவதே மருந்து. மூன்று நாள் வழியை இரண்டு நாளில் முடிக்க முயலாதிருத்தலே தற்காப்பு. இதய நோயோ மூச்சு நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது.

இவற்றையெல்லாம் வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். உறக்கப் பையையும் தடித்த ஜாக்கெட்டையும் டார்ஜிலிங்கில் வாடகைக்குப் பெறலாம். கம்பளி ஆடைகளுக்கு, குளிர்காலத்தில் வெலிங்டன் சதுக்கத்தில் மலைநாட்டு வணிகர் விரிக்கும் கடைகள் இருக்கின்றன. காலணி ஒன்றை மட்டும் இரவல் வாங்காதீர்கள். அது உங்கள் காலுக்கே பழகியிருக்க வேண்டும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே அக்காலணியை அணிந்து, முதுகுப்பையில் உண்மையான சுமையை ஏற்றி, லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள ரவீந்திர சரோவர் ஏரியைக் காலைதோறும் குடும்பத்துடன் சுற்றி வாருங்கள். வீட்டு மாடிப்படிகளிலும் ஏறி இறங்குங்கள். பார்ப்போர் சிரித்தால் சிரிக்கட்டும். எங்கே கடிக்கிறது, எது மிகை, எது குறை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அவ்வாறு ஆயத்தமாகிச் சென்ற குடும்பம், உலர்ந்த உடையுடன் விடியற்காலையில் விடுதிக்கு வெளியே வந்து நின்று, காஞ்சன்ஜங்காவின் முடியில் முதற்கதிர் படுவதை ஆற அமரக் காணலாம்.