தலையெழுத்து மாறிய கதை

காலஞ்சென்ற என் தந்தையார் எங்கள் குடும்ப வரலாற்றை 2001ஆம் ஆண்டில், பாமினி எழுத்துருவில் தாமே தட்டெழுதி வைத்திருந்தார். அவர் கைப்பட எஞ்சியது அஃது ஒன்றே. சென்ற மாதம் அதனைப் புதிய கணினியில் திறந்தேன். என்னே அதிர்ச்சி! தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன.

"கோப்புப் பழுதாகிவிட்டது, அழித்துவிடுங்கள்" என்றார் நண்பர் ஒருவர். மனம் ஒப்பவில்லை.

பக்கத்து வீட்டு மாணவி வந்து பார்த்துச் சிரித்தாள். "மாமா, இது பழுதில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். இந்தக் கணினியில் அந்தப் போர்வை இல்லை. இந்த அரைப்புள்ளிகள் எல்லாம் மெய்யெழுத்தின் புள்ளிகள்தான்!" என்றாள்.

எழுத்துருவை நிறுவியதும் "அம்மா" என்னும் முதற்சொல் திரையில் மலர்ந்தது. என் கண்கள் கலங்கின. பின்னர் அவள் மூலத்தைப் பேணிக்கொண்டு, படியொன்றை ஒருங்குறிக்கு மாற்றித் தந்தாள். 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனி எண்கள் உண்டு. ஆதலால் எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

1981இல் நூலகம் எரியக் கண்ட ஊர் நம் யாழ்ப்பாணம். எரிந்த ஏடு மீளாது. திரையில் சிதைந்து தோன்றுவதோ அழிந்ததன்று. உங்கள் வீட்டிலும் இத்தகைய பழைய கோப்புகள் இருக்கலாம். வாசிக்க இயலவில்லையென்று அழிக்குமுன், எழுத்துருவை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.