ஐந்தாவது கேபிளுக்கு இடம் எங்கே?

தியானப் பகுதி: யாத்திராகமம் 18:13-26



உங்கள் வீட்டில் இணைய இணைப்பு இருக்குமானால், ஒரு மூலையில் சிறு விளக்குகள் மின்னும் ரவுட்டர் ஒன்றும் இருக்கும். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கேபிள் செருகுவதற்கு நான்கு போர்ட்டுகள்தாம் இருக்கும். அந்த நான்கும் நிரம்பிய பின்பு ஐந்தாவது கேபிளை எங்கே செருகுவது? இக்கேள்வி அண்மையில் எங்கள் போதகர் இல்லத்தில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மகனின் அலுவலகக் கணினி, தொலைக்காட்சி, கேமராப் பதிவுக் கருவி, என் மேசையிலுள்ள கணினி என்று நான்கு இடங்களும் நிரம்பியிருந்தன. இந்நிலையில் அருகிலுள்ள ஆலயத்திற்கும் ஓர் இணைப்பு தேவைப்பட்டது. ஞாயிறு ஆராதனையை நேரலையில் ஒளிபரப்புகிறோம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலிருக்கும் மூத்த சகோதரி ஒருவருக்கு அந்த ஒளிபரப்பே ஆலயம். வைஃபை அலை இரண்டு சுவர்களைத் தாண்டிச் செல்வதற்குள் தளர்ந்துபோனது. செய்தியின் நடுவே படம் உறைந்து நிற்கும், ஒலி அறுந்துபோகும். கம்பி வழியாகக் கொண்டுசெல்வதே நல்லது என்று முடிவாயிற்று. சாதாரண கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தடையின்றிச் செய்தியைக் கொண்டுசெல்லும். எங்களுக்குத் தேவைப்பட்டதோ அதில் பாதிகூட இல்லை.

எங்கள் சபையின் வாலிப சகோதரர் ஒருவர், வேலை முடிந்து இரவு 9 மணிக்கு மேல் வந்து இதைச் செய்து கொடுத்தார். அவர் கொண்டுவந்தது 8 போர்ட்டுகள் கொண்ட சிறிய ஸ்விட்ச். விளக்கைப் போடும் சுவிட்ச் அல்ல. பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்விட்சை இணைத்தார். அதற்கு ஸ்விட்சில் ஒரு போர்ட் செலவாயிற்று, ஏழு மீந்தன. ரவுட்டரில் எஞ்சிய மூன்றையும் சேர்த்தால் மொத்தம் பத்து. ஆலயத்திற்கு ஒரே ஒரு கேபிளை இழுத்து, அங்கே 5 போர்ட்டுகள் கொண்ட இன்னொரு ஸ்விட்சை வைத்தார். ஒளிபரப்புக் கணினி, பாடல் வரிகளைத் திரையில் காட்டும் கணினி, அலுவலகக் கணினி யாவும் அங்கேயே இணைந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேபிளை இல்லம் வரை இழுக்கத் தேவையில்லாமற்போயிற்று.

அவர் வேலை செய்துகொண்டே சொன்ன சில காரியங்கள் என் மனதில் தங்கின.

"ஐயா, முன்பெல்லாம் ஹப் என்று ஒன்று இருந்தது. ஒருவருக்கு வந்த செய்தியை அது எல்லாருக்கும் அனுப்பிவிடும். ஸ்விட்ச் அப்படியல்ல. எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் கொடுக்கும்" என்றார்.

பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதையே பயன்படுத்தலாமா என்று கேட்டேன். பயன்படுத்தலாம், ஆனால் முகவரி வழங்கும் அதிகாரத்தை முதலில் அதிலிருந்து அணைத்துவிட வேண்டுமாம். இல்லையெனில், ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்களும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கும். எது யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் இணைப்பு குழம்பிப்போகும்.

அன்பானவர்களே, மோசேயின் கூடாரத்திற்கு முன்பாக நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். மீதியான் தேசத்து ஆசாரியனான எத்திரோ தம் மருமகனைக் காண வந்திருக்கிறார். மறுநாள் காலையிலிருந்து மாலைவரை ஜனங்கள் வரிசையில் நிற்க, மோசே ஒருவரே அமர்ந்து நியாயம் விசாரிப்பதைக் காண்கிறார். மோசே செய்தது பாவமல்ல. தேவன் கொடுத்த ஊழியத்தையே உண்மையாய்ச் செய்தார். ஆனாலும் இது நல்லதல்ல என்று மாமன் வெளிப்படையாகச் சொன்னார். மோசே மட்டுமல்ல, காத்திருக்கும் ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்பதை அவர் கண்டார்.

அவர் சொன்ன வழி என்ன? ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று ஜனங்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தலைவரை ஏற்படுத்துவது. சிறிய காரியங்கள் அங்கேயே தீரும். பெரியவை மோசேயிடம் வரும். பத்துப் பேருக்குத் தலைவராயிருப்பவர் அந்தப் பத்துப் பேரின் கூடாரங்களுக்கு அருகிலேயே இருப்பார். அவர்களைப் பெயர் பெயராய் அறிந்திருப்பார்.

அவர்களைத் தெரிந்தெடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். திறமை மட்டும் போதாது. தேவபயமும், உண்மையும், இலஞ்சத்தின்மேல் வெறுப்பும் வேண்டும். ஸ்விட்ச் தானாக இணையத்தை உண்டாக்குவதில்லை. தான் பெற்றதை உரியவரிடம் கொடுக்கிறது. தலைவர்களும் அவ்வாறே. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முகவரி வழங்கத் தொடங்கினால், இரண்டு ரவுட்டர்கள் உள்ள வீட்டைப்போல் சபையும் குழம்பும். ஊழியத்தைப் பகிரலாம், ஆண்டவர் ஒருவரே.

இனி அந்த வாலிப சகோதரரைக் குறித்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து தேநீர் அருந்துகையில் அவர் தயங்கியபடி ஒன்று சொன்னார்: "ஐயா, ஆராதனையில் நான் கண்களை மூடி ஜெபித்து ஆறு மாதங்கள் ஆகின்றன." காலையில் ஒலிபெருக்கி, பின்பு திரை, ஒளிபரப்பு, அது முடிந்ததும் ஞாயிறு பள்ளி. யாருக்கு எது தேவைப்பட்டாலும் அவரிடமே சென்றார்கள். எல்லாக் கேபிள்களும் அவரிலேயே செருகப்பட்டிருந்தன. ஆலயத்திற்குள்ளேயே இருந்தும் ஆராதனையிலிருந்து தூரமாகிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே பதின்வயதுப் பிள்ளைகள் இருவரை அவருடன் அமர்த்தினோம். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் அவர் தம் தாயாரோடு இருக்கையில் அமர்ந்து ஆராதிக்கிறார். பிள்ளைகள் தனியாகப் பார்த்துக்கொண்ட முதல் ஞாயிறு அன்று, ஒளிபரப்பு சில நிமிடங்கள் தாமதமாகத் தொடங்கியது. படுக்கையிலிருக்கும் அந்த மூத்த சகோதரியிடம் தொலைபேசியில் காரணத்தைச் சொன்னேன். "பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும், ஐயா. நான் காத்திருப்பேன்" என்றார். அந்தப் பொறுமையும் ஓர் ஊழியமே.

எருசலேம் சபையிலும் இதே தேவை எழுந்ததை அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விதவைகளின் அன்றாடப் பந்தி விசாரணைக்கு ஏழு பேர் நியமிக்கப்பட்டபோது, தேவவசனம் பரவிற்று. சீஷருடைய தொகை பெருகிற்று.

உங்கள் வீட்டில் எல்லாக் கேபிள்களும் ஒருவரிலேயே செருகப்பட்டிருக்கின்றனவா? சமையல், மருந்து, பிள்ளைகளின் பாடம், முதியோரின் கவனிப்பு என்று யாவும் ஒரு தாயிடமே வந்து நிற்கின்றனவா? அவர் முறையிடாதிருப்பதால் களைப்படையவில்லை என்று எண்ண வேண்டாம். இந்த வாரம் அவரிடமிருந்து ஒரு கேபிளையாவது கழற்றி உங்களிடம் இணைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சுமக்கிறவர் நீங்களேயானால், மோசே தம் மாமனின் சொல்லுக்குச் செவிகொடுத்ததை நினைவுகூருங்கள். உதவியை ஏற்பது விசுவாசக் குறைவல்ல.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, தனியாய்ச் சுமந்து களைத்திருக்கும் உம் பிள்ளைகளைக் கண்ணோக்கியருளும். அவர்களுக்கு அருகில் நிற்கும் கரங்களாக எங்களை ஏற்படுத்தும். நாங்கள் உம்மிடம் பெற்றதை, எங்களுடையதென்று அடக்கிவைக்காமல், உரியவரிடம் உண்மையாய்ச் சேர்க்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.