இல்லை என்பதற்கும் ஒரு சான்றிதழ்

தோற்றுப்போன படைக்கு யார் பென்ஷன் கொடுப்பார்கள்?

ஜெயித்த படைக்கு என்றால் சிக்கலே இல்லை. கஜானா இருக்கும், ரிஜிஸ்டர் இருக்கும், ஒரு டிபார்ட்மென்ட்டே இருக்கும். தோற்ற படைக்கு? ரிஜிஸ்டரை எரித்திருப்பார்கள். சம்பளம் தந்த அரசாங்கமே மேப்பில் இருக்காது. அப்படி ஒரு படையில் இருந்தவர் செத்துப்போய், அவர் மனைவி மட்டும் மிச்சமிருந்தால், அந்த அம்மா எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பது?

அமெரிக்காவில் இப்படி நின்றிருக்கிறார்கள். அங்கே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்றன. ஜெயித்த மத்திய அரசு தன் சிப்பாய்களுக்குப் பென்ஷன் கொடுத்தது; எதிர்த்துச் சுட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதனால் அந்தந்தத் தென் மாநிலங்களே தங்கள் பழைய சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் சொந்தக் கையிலிருந்து பென்ஷன் போட்டன. மத்திய அரசு இவர்களையும் சேர்த்துக்கொண்டது 1958ல். அதற்குள் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பென்ஷன் பல விசித்திரமான கல்யாணங்களையும் நடத்தி வைத்திருக்கிறது. அலபாமாவில் ஆல்பர்ட்டா மார்ட்டின் என்று ஒரு பெண். 1927ல் கல்யாணம். மணப்பெண்ணுக்கு 21, மாப்பிள்ளைக்கு 81! மாப்பிள்ளைக்கு மாதம் 50 டாலர் சிப்பாய் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, கையில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லை. அவருக்கு அலபாமா மாநிலம் விதவைப் பென்ஷன் கொடுத்தது 1996ல். போர் முடிந்து 131 வருடம் கழித்து! 2004ல், 97 வயதில் இறந்தார். ஐரீன் ட்ரிப்ளெட் என்ற இன்னொரு பெண்மணி, ஒரு சிப்பாயின் மகள், மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டே இருந்து 2020ல்தான் இறந்தார். அவர் அப்பா தென் படையிலிருந்து ஓடிப்போய் வடக்குப் படையில் சேர்ந்தவர். சரியான கட்சி பார்த்துத் தாவியிருக்கிறார் மனுஷன் :-)

சரி, அமெரிக்கா போதும். சேலம், நாமக்கல் பக்கம் வருவோம். இங்கே ஏது தோற்ற படை?

இருக்கிறது. ஐ.என்.ஏ. ஊரில் சொன்னால் 'நேதாஜி படை'.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தென் மாநிலங்கள் சண்டை போட்டது அடிமை முறையைக் காப்பாற்ற. ஐ.என்.ஏ. சண்டை போட்டது வெள்ளைக்காரனை விரட்ட. நியாயத்தில் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் தோற்ற படையின் விதவை என்ற இடத்தில், அந்தக் காகிதப் பாட்டில், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் வந்த மாவட்டங்களில் பழைய சேலமும் ஒன்று. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு என்று அந்தப் பட்டியல் போகும். மழை பொய்த்த வருடங்களில் கங்காணிக்கு வேலை சுலபம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. அங்கே பால்மரம் வெட்டும் வேலை. 1938ல் இந்திய அரசு இப்படிக் கூலிகளை அனுப்புவதற்குத் தடை போட்டது. ஆனால் அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. ரப்பர் வாங்க ஆள் இல்லை, தோட்டத்தில் சோறு இல்லை. தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய் சயாம் - பர்மா ரயில் பாதை போட வைத்தார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. 1943ல் சுபாஷ் சந்திர போஸ் வந்து படையைப் புதிதாகக் கட்டியபோது ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் அதில் சேர்ந்தார்கள். நாட்டுப் பற்று ஒரு பக்கம். ரயில் பாதைக்குப் போவதைவிடத் துப்பாக்கி தூக்குவது மேல் என்ற கணக்கு இன்னொரு பக்கம். இரண்டாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். உயிர் பிழைக்க நினைத்தவன் வீரனாக இருக்கக் கூடாதா என்ன?

1944ல் இம்பால் தோல்வி. 1945 ஏப்ரலில் போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். ஊரில் ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொள்ள மேஜர் ஜெனரல் லோகநாதன் என்ற தமிழ் டாக்டரின் தலைமையில் ஏறக்குறைய 6,000 பேர் அங்கேயே நின்று, வந்த பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தார்கள். பிறகு ஜெயில், முகாம், விசாரணை. பிடிபட்டவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். பெரிய ஆபீசர்கள் மூன்று பேரை டெல்லி செங்கோட்டையில் நிறுத்தி வழக்கு நடத்தியது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக் கூலியாக இருந்து சிப்பாய் ஆனவனுக்கு என்ன நிறம் கொடுத்தார்கள், எத்தனை மாதம் வைத்திருந்தார்கள், எந்தத் தேதியில் வெளியே விட்டார்கள்? இது அவனுக்கே சரியாகத் தெரியாது. அப்போது அது முக்கியமாகவும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

பின்னால் அந்தத் தேதிதான் எல்லாமே ஆனது.

1972 ஆகஸ்ட் 15ல், சுதந்திரத்தின் வெள்ளி விழாவில், மத்திய அரசு தியாகி பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. 1980 ஆகஸ்டிலிருந்து வருமான வரம்பை எடுத்துவிட்டு அதையே இன்னும் தாராளமாக்கினார்கள். மாநில அரசுக்குத் தனியாக ஒரு பென்ஷன் உண்டு. மத்தியத் திட்டத்தில் தகுதி இதுதான்: குறைந்தது ஆறு மாதம் சிறை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். தியாகி இறந்துவிட்டால் மனைவிக்குப் பென்ஷன்.

இந்த ஆறு மாதக் கணக்கை யாரை மனதில் வைத்துப் போட்டார்கள்? சத்தியாகிரகியை. அவர் உப்புக் காய்ச்சி, கள்ளுக்கடை மறியல் செய்து ஜெயிலுக்குப் போனவர். சேலம் ஜெயில், வேலூர் ஜெயில், திருச்சி ஜெயில் என்று எல்லாம் இங்கேயே இருக்கின்றன. கைதி நம்பரும் உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் ரிஜிஸ்டரில் இருக்கும். எடுத்துப் பார்த்தால் போச்சு. ஐ.என்.ஏ. சிப்பாயின் ஜெயிலோ ரங்கூனில். பர்மா 1937லேயே இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டது. நாமக்கல் தாலுகா ஆபீஸ் கிளார்க் ரங்கூன் ஜெயில் ரிஜிஸ்டரை எங்கே போய்ப் புரட்டுவார்?

இப்போது ஒரு ஆயாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ராசிபுரம் பக்கம் ஏதோ ஒரு ஊர். ஆயா கற்பனைதான். அவர் கேட்கப்படும் காகிதங்கள் எதுவும் கற்பனை இல்லை.

தாத்தா 1946ல் திரும்பி வந்தவர். 1950ல் கல்யாணம். ஆக, போர் நடந்தபோது ஆயாவுக்குத் தாத்தாவைத் தெரியவே தெரியாது. ஜெயிலில் எத்தனை மாதம் என்று ஆயாவைக் கேட்டால், அவர் சொன்னதைத்தான் இவர் சொல்ல முடியும். தாத்தா 1981ல் சேலம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார், பதில் வருவதற்குள் போய்ச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். இனி அங்கே போகணும் ஆயா என்பார்கள். ஃபைல் வந்துவிட்டதா என்று இங்கே கேட்டால் அங்கே கேள், அங்கே கேட்டால் இங்கே கேள்.

முதலில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படி ஏறினால் கிடைத்துவிடும். அடுத்தது பெயர். மலாயாக் காகிதத்தில் இனிஷியல் கிடையாது, 'இன்னார் மகன்' என்று இருக்கும். ரேஷன் கார்டில் இனிஷியல் இருக்கும். "ரெண்டும் ஒரே ஆள்தான்னு எப்படிங்க ஆயா நம்புறது?" என்ற கேள்வி வரும். கட்டிக்கொண்டு நாற்பது வருடம் சோறு போட்டவரிடம் இந்தக் கேள்வி!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஜெயில் ரிக்கார்டு இல்லையென்றால் கூட இருந்த சிறைவாசிகள் இரண்டு பேரிடம் சான்றிதழ் வாங்கித் தரலாம். ஆனால் அந்த இரண்டு பேரும் குறைந்தது ஒரு வருடம் சிறையில் இருந்ததை ஏற்கெனவே நிரூபித்தவர்களாக இருக்க வேண்டும். சான்று தருபவர் எம்.பி., எம்.எல்.ஏ.வாக இருந்தால் அல்லது முன்பு இருந்திருந்தால் ஒருவர் போதும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூட்டாளிகளில் எம்.எல்.ஏ. ஆனவர் எத்தனை பேர்? கேப்டன் லட்சுமி மாதிரி பெரிய பெயர் உள்ளவர்கள் இருந்தவரை அவர்களைத் தேடிப் போனவர்கள் உண்டு. அவரும் 2012ல் கான்பூரில் காலமாகிவிட்டார். வருடம் ஆக ஆகச் சாட்சிகள் செத்துக்கொண்டே வருவார்கள், விதி மட்டும் அப்படியே நிற்கும்.

அந்தக் கூட்டாளிச் சான்றிதழும் சும்மா செல்லாது. அதிகாரபூர்வ ரிக்கார்டு கிடைக்கவில்லை என்று மாநில அரசு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதாவது, இல்லை என்பதற்கும் ஒரு சான்றிதழ்! அது இருந்தால்தான் அடுத்த நிலைச் சாட்சியத்தையே பார்ப்பார்கள். ஆயாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவருக்கே இது புரிய ரெண்டு டீ ஆகும்.

பி.காம். நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிட்டிங்கில் வவுச்சிங் என்று படிக்கிறோமே, அதேதான் இது. என்ட்ரி இருக்கிறது, வவுச்சர் இல்லை. செலவு நிஜமாகவே நடந்திருக்கலாம், ஆனாலும் ஆடிட்டர் டிக் போட மாட்டார். அவர் மேல் முழுத் தப்பும் இல்லை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் பென்ஷன் வாங்கிய விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. பொய் வவுச்சரோடு வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், நிஜமாகவே போனவர்கள் வவுச்சர் இல்லாமல் வெளியே நிற்கிறார்கள். என்ன கொடுமை சார் இது...

கோர்ட்டுகள் இந்த விஷயத்தில் ஆபீஸ்களைவிட மனிதத்தன்மையோடு பேசியிருக்கின்றன. 1993ல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட், இது மரியாதை செய்வதற்கான திட்டம், லேட்டாக மனு போட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்றது. 2001ல் குர்தியால் சிங் வழக்கில், கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கச் சொல்லாதீர்கள், நடந்திருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள் என்றது. சென்னை ஹைகோர்ட் 2017ல், 89 வயதான ஓர் ஐ.என்.ஏ. முதியவருக்கு மாநில பென்ஷன் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அவர் முதலில் மனு போட்டது 1980ல். 37 வருடம்! கோர்ட்டுக்குப் போகத் தெரிந்தவர், போனார். ராசிபுரத்து ஆயாவுக்கு வக்கீல் ஃபீஸ் யார் கொடுப்பது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த பழைய சிப்பாய்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. தப்பில்லை, அவர்களும் ஏழைகள்தான். ஆனால் அவர்களிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. ஒரே தெருவில் எதிரெதிர்ப் படைகளின் இரண்டு விதவைகள் இருந்தால், சுதந்திர இந்தியாவில் சீக்கிரம் பணம் வாங்குவது வெள்ளைக்காரன் படையில் இருந்தவரின் மனைவியாகத்தான் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு ஐ.என்.ஏ.காரர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தொகை சின்னது என்றும் சொல்ல முடியாது. 2016 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்தியபோது ஐ.என்.ஏ. தியாகிகளுக்கும் அவர்கள் துணைக்கும் மாதம் 26,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. மாநிலத் திட்டத்தில் 2022ல் தியாகிக்கு 20,000, குடும்பப் பென்ஷன் 10,000 ஆனது. பிறகும் ஏறியிருக்கிறது. கூலி வேலையும் முதியோர் உதவித்தொகையுமாக இருக்கும் ஒரு வீட்டில் இது மருந்துச் செலவு, பேரன் படிப்பு, தாழ்வாரத்துக்கு ஓடு எல்லாம்தான். அதைவிட, 'தியாகி வீடு' என்று ஊர் சொல்லும். ஆயாவுக்கு எது பெரிசு என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

கடைசியாக ஒரு கணக்கு. அந்த 1993 தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: எப்போது ஆர்டர் போட்டாலும் பணம் மனு கிடைத்த தேதியிலிருந்துதான். திட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து இல்லை. அப்படியென்றால் இன்னார் மனு இன்ன தேதியில் வந்து சேர்ந்தது என்று காட்டும் தபால் ரசீது, சீல் போட்ட ஒப்புகைச் சீட்டு, இதெல்லாம் பணத்துக்குச் சமம். தாத்தா 1981ல் போட்ட மனுவின் ஒப்புகை கிடைத்தால் பாக்கி ஒரு தொகை. கிடைக்காவிட்டால் ஆயா புதிதாக மனு போட்ட தேதியிலிருந்து வேறு தொகை. அதனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு யாராவது ஒரு ஆயாவை பஸ் ஏற்றிவிடப் போகிறீர்கள் என்றால், டிரங்குப் பெட்டியில் அடியில் விரித்திருக்கும் பழைய பேப்பருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரிஜினலை எந்த கவுன்ட்டரிலும் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் போதும்.