யாருடா செத்துப்போனா?

கம்பத்தில் அன்று ராத்திரி கரன்ட் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான் பேரன். உள்ளேயிருந்து அம்மாச்சி கேட்டாள்.

"யாருடா செத்துப்போனா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவையில் வேலை. லீவுக்கு வந்திருந்தான். யூடியூப் பார்த்து இரண்டு வருடமாகப் பழகிய வித்தை இது.

"அமெரிக்காப் பாட்டு அம்மாச்சி. ப்ளூஸ்னு பேரு."

"எந்த ஊரா இருந்தா என்ன? அழுகுற மாதிரியில்ல இருக்கு" என்றபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முப்பது வருடங்களுக்கு மேல், விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வந்தவள் அம்மாச்சி. ஊரில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். தாத்தா போன பிறகு அவள் பாடவே இல்லை.

பேரன் கதை சொன்னான். மிசிசிப்பியில் பருத்திக் காடுகள். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே கூலிகள். வேலைக் களைப்பில் பிறந்த பாட்டு இது. 1903 வாக்கில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில், ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி கிட்டார் வாசித்துப் பாடியதைக் கேட்டதாக டபிள்யூ.சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டுக்காரர் பெயர் யாருக்கும் தெரியாது. ராபர்ட் ஜான்சன் 1936, 37-ல் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938-ல் இறந்தபோது வயது 27.

"அட பாவமே" என்றாள் அம்மாச்சி.

வாசித்தும் காட்டினான். மொத்தம் 12 பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. முதல் நான்கு பார் 'ஸ' கார்டு. அடுத்த இரண்டு 'ம'. மறுபடி இரண்டு 'ஸ'. அப்புறம் 'ப' ஒன்று, 'ம' ஒன்று, கடைசி இரண்டும் 'ஸ'. மூன்றே கார்டுகள். அதன்மேல் ஓடும் ஐந்து சுரங்கள், நம் சுத்த தன்யாசி ராகத்தின் அதே ஐந்து சுரங்கள்தான். தந்தியை இழுத்துச் சுரத்தைக் கொஞ்சம் வளைக்கும்போது, அது விசும்பலாகிவிடும்.

"முதல் அடியை ரெண்டு தடவை பாடுவாங்க. மூணாவது அடியிலதான் பதில் வரும்."

"ஒப்பாரியிலயும் அடியைத் திருப்பிப் பாடுவோம்டா. திருப்பிச் சொல்றதுக்குள்ள அடுத்த அடி நெஞ்சுல வந்துரும்ல."

இரண்டு வருடம் பார்த்த வீடியோக்களில் இதை யாரும் இவ்வளவு லேசாகச் சொன்னதில்லை.

கூலிக்காரர்களின் பாட்டு இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. பக்கத்துப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக மலை ஏறிப்போய், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நடுவே பாடியவர். அண்ணனோடு ஊர் ஊராகப் போய் வாசித்த தம்பி, பின்னால் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். அவர்தான் இளையராஜா.

பேரன் போனை எடுத்தான். "ஒரு ஒப்பாரி பாடு அம்மாச்சி. ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

அம்மாச்சி முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குள்ள சும்மா அதைப் பாடக் கூடாது சாமி. யாரையோ வா வான்னு கூப்புடுற மாதிரி."

அவன் போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

"களை எடுக்குறப்பப் பாடுறது ஒண்ணு இருக்கு. அது பாடலாம்" என்றாள் அவளாகவே.

குரல் முதலில் கரகரத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அவன் 12 பாரைப் போட்டான். ஒட்டவில்லை. ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றாள். ஓரிடத்தில் இழுத்துக்கொண்டே போனாள். அவன் கணக்குப்படி 'ம' கார்டுக்கு மாறியதும் பாட்டை நிறுத்தினாள்.

"நீ எதுக்குடா ஓடுற? நான் இன்னும் இங்கனதான இருக்கேன்."

அவனுக்குச் சுரீரென்றது. அந்தக் காலத்து ப்ளூஸ்காரர்கள் பலருக்கு 12 என்பது கறாரான கணக்கு இல்லை. ஜான் லீ ஹூக்கர் ஒரே கார்டில் முழுப் பாட்டையும் முடித்துவிடுவார். மூச்சு முடிகிற இடத்தில்தான் பார் முடியும்.

'ஸ' கார்டிலேயே நின்றான். அவள் மூச்சு விட்டபோது விட்டான். பிடித்தபோது பிடித்தான். பாட்டு நடந்தது. தாத்தா போனபின் அந்த வீடு கேட்ட முதல் பாட்டு.

கரன்ட் வந்தது. பக்கத்து வீட்டு டிவி அலறியது. போன் கவிழ்ந்தே கிடந்தது. எதுவும் பதிவாகவில்லை.

"மிச்சத்தை நாளைக்குச் சொல்லித் தாரேன். அதுல புடிக்காத. வாயால படி" என்று எழுந்து போனாள் அம்மாச்சி.

லீவு இன்னும் மூன்று நாள் இருந்தது.