விதைநெல்லும் அப்டேட்டும்

போன மாதம் ஒரு ராத்திரி என் லேப்டாப் 35 சதவீதத்தில் நின்றுவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டமடிக்கும் புள்ளிகள், கீழே 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று ஒரு வேண்டுகோள். முக்கால் மணி நேரம் பார்த்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டால் திரை கறுப்பு.

மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் உள்ளே அம்மா இருந்தாள். கடைசி வருஷத்தில் திண்ணையில் உட்கார்ந்து, குறுவை நடவு பற்றியும் 1952 புயல் பற்றியும் அவள் பேசியதை இரண்டு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். வேறு காப்பி இல்லை. நாளைக்கு எடுத்துக்கலாம் என்றே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

காலையில் பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் பையனைக் கூப்பிட்டேன்.

"நடுவுல ஆஃப் பண்ணீங்களா மாமா?"

"லேசா."

"லேசா எப்படி மாமா ஆஃப் பண்றது?"

விண்டோஸ் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க முடியாமல் விழுந்தால், பழுது பார்க்கும் மெனுவைத் தானே காட்டுமாம். அதற்குள் போய், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கினான். லேப்டாப் எழுந்தது. எனக்கும் உயிர் வந்தது.

உடனே அப்டேட்டை மறுபடி ஓட்டப்போனேன். கையைத் தட்டிவிட்டான். முதலில் பென் டிரைவில் அம்மாவை ஏற்றினான். தஞ்சாவூர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காத ஊர் இது. நான்தான் மறந்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சியும் தோற்றது. இந்தத் தடவை ஒரு எண் வந்தது. 80070070 என்று முடிந்தது. நான் திட்டப்போனேன். பையன் எண்ணைக் குறித்துக்கொண்டான். டிஸ்க்கில் இடமில்லை என்று அர்த்தமாம். மூன்று ஜி.பி.தான் மிச்சம். மீதியெல்லாம் யார் யாரோ கல்யாண வீடியோக்கள். வாய்க்காலைத் தூர் வாராமல் வைத்துக்கொண்டு, ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் வயலுக்கு வரவில்லை என்று மேட்டூரைத் திட்டினால் எப்படி?

இடம் இருந்தும் தோற்பது உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் உலகம் முழுக்க 80070643 என்ற எண்ணோடு தோற்றது. பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்கிய தனிப் பகுதியில் 250 எம்.பி. காலியாக இல்லாததுதான் காரணம். சி டிரைவ் காலியாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். நோய் என்னவென்று அதுதான் சொல்லும்.

'இவ்வளவு தொல்லைக்கு அப்டேட்டே வேண்டாமே' என்பீர்கள். நானும் சொன்னேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பல நாட்டுக் கணினிகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் திண்டாடின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள் அந்த வழியில் தப்பினார்கள்.

கல்யாண வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினோம். சார்ஜரைச் செருகி, பட்டன் பக்கமே போகாமல் படுத்துவிட்டேன். காலையில் எல்லாம் முடிந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பாஸ்வேர்டு கேட்டது.

பையனுக்குக் காபி கொடுத்தேன். அம்மா பேச்சைக் கொஞ்சம் போட்டுக் கேட்டான். நடவு முடிந்து கரையேறுகிறபோது கால் சேறு காய்ந்து இழுக்குமே, அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க ஆத்தாவும் இப்படித்தான் மாமா பேசும். நான் ஒண்ணுகூட ரெக்கார்ட் பண்ணலை" என்றான். பிறகு காபியை முடிக்கும்வரை பேசவில்லை.

அம்மா இப்போது மூன்று இடத்தில் இருக்கிறாள். உங்கள் வீட்டில் ஆத்தா இருந்தால், இன்றைக்கே போனை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அப்டேட் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.